25 மீட்டர் ஓட்டத்துக்கு எந்தக் கோஆக்ஸ் கேபிள்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அமெச்சூர் ரேடியோ நிலையத்தில் எச்எஃப்புக்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) 100 வாட் ரிக், அதாவது அனுப்பவும் கேட்கவும் ஆகும் ரேடியோ ஒன்று, அதற்கு 7, 14, 28 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஒரு டைபோல், நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆன்டெனா. இரண்டு மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ்), 70 சென்டிமீட்டர் (435 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகள் இரண்டுக்கும் சேர்த்து 50 வாட் ரிக் ஒன்று, அதற்கு உயரத்தில் ஒரு வெர்டிக்கல் ஆன்டெனா. இரண்டுக்குமே ரிக்கிலிருந்து ஆன்டெனா வரை 25 மீட்டர் கேபிள் ஓட வேண்டும். கையில் ஒரு சுருள் ஆர்ஜி-58 இருக்கிறது, மெல்லிய கோஆக்ஸ் (உள்கம்பியைச் சுற்றி இன்சுலேஷனும் அதன் மேல் ஷீல்டும் உள்ள கேபிள்). ஒருவர் அதுவே தாராளம் என்கிறார், இன்னொருவர் தடிமனான எல்எம்ஆர்-400க்குக் கீழே எதையும் தொடாதே என்கிறார், மூன்றாமவர் கேபிளை அரை அலைநீளத்தின் மடங்காக வெட்டினால்தான் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) இறங்கும் என்கிறார்.

முதல் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் டைபோலுக்கு ஆர்ஜி-58 போதும், உங்கள் வெர்டிக்கலுக்கு அது கொஞ்சமும் ஆகாது. ஒரே நீளம், ஒரே கேபிள், ஆனால் பேண்ட் மாறினால் பதிலே தலைகீழாகிவிடுகிறது. கேபிளின் பெயரை வைத்து நல்லது கெட்டது பார்க்காமல், எந்த அலைவரிசையில், எத்தனை மீட்டருக்கு என்று கேட்டால் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கேபிள் இழப்பை 100 மீட்டருக்கு இத்தனை டெசிபல் என்று கொடுப்பார்கள், நம் நீளத்துக்கு விகிதமாகக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். 3 டெசிபல் போனால் பாதி பவர் போய்விட்டது, 1 டெசிபல் போனால் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல ஆர்ஜி-58 கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 4 டெசிபல் அளவுக்கு இழக்கும், அதாவது உங்கள் 25 மீட்டரில் சுமார் 1 டெசிபல். நீங்கள் 100 வாட் அனுப்பினால் 80 வாட் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். அதே இடத்தில் எல்எம்ஆர்-400 போட்டால் 94 வாட் போய்ச் சேரும். 80க்கும் 94க்கும் உள்ள வித்தியாசம் 0.7 டெசிபல். மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் காதால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு எஸ் யூனிட் என்பதே 6 டெசிபல் என்று கணக்கு. 28 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் ஆர்ஜி-58ல் 2 டெசிபல் போகும், 63 வாட் மிஞ்சும். எல்எம்ஆர்-400 அளவுக்கே தடிமனான ஆர்ஜி-213 என்றால் 81 வாட். இது கொஞ்சம் யோசிக்க வைக்கும் வித்தியாசம்தான், ஆனாலும் பேச முடிந்த ஒரு தொடர்பு இதனால் மட்டும் கைவிட்டுப் போவது அபூர்வம்.

இப்போது அதே 25 மீட்டர் ஆர்ஜி-58ஐ 145 மெகாஹெர்ட்ஸில் பாருங்கள். 5 டெசிபல். 50 வாட் உள்ளே போனால் 16 வாட்தான் வெளியே வரும். 435க்குப் போனால் இழப்பு 9 டெசிபலைத் தொடும், 50 வாட்டில் மிஞ்சுவது 6 வாட்டுக்கும் கொஞ்சம் மேலே. மிச்சம் 44 வாட்டும் கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. எல்எம்ஆர்-400 போட்டால் 145ல் 37 வாட்டும் 435ல் 30 வாட்டும் ஆன்டெனாவுக்குப் போகும். ஆர்ஜி-213 நடுவில் நிற்கும், 145ல் 30 வாட், 435ல் 19 அல்லது 20. 70 சென்டிமீட்டரில் ஆர்ஜி-58ஐ எடுத்துவிட்டு எல்எம்ஆர்-400 போடுவது 50 வாட் ரிக்கை எடுத்துவிட்டு 240 வாட் ரிக் வைப்பதற்குச் சமம். அதோடு பவர் ஆம்ப்ளிஃபயர் அனுப்பும்போது மட்டும்தான் உதவும், நல்ல கேபிள் கேட்கும்போதும் உதவும்.

இந்தக் கேட்கும் விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எச்எஃப்பில், முக்கியமாக 7 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ் பேண்டுகளில், ஆன்டெனாவிலிருந்தே அவ்வளவு இரைச்சல் வருகிறது, வளிமண்டல மின்னல், அக்கம்பக்கத்து மின்கருவிகள் எல்லாம் சேர்ந்து. கேபிள் 1 அல்லது 2 டெசிபல் குறைத்தால் சிக்னலும் குறையும், இரைச்சலும் அதே அளவு குறையும், இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் மாறாது, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் முடிந்தது. விஎச்எஃப், யுஎச்எஃப்பில், அதாவது உங்கள் 145லும் 435லும், நிலைமை வேறு. அங்கே வானத்திலிருந்து வரும் இரைச்சல் குறைவு, ரிசீவரின் சொந்த இரைச்சல்தான் எல்லை வகுக்கிறது, ஆகவே கேபிளில் போகும் ஒவ்வொரு டெசிபலும் பலவீனமான ஸ்டேஷன் ஒன்றை நேராக இரைச்சலுக்குள் அமுக்குகிறது. அதை ரிக்குக்குப் பக்கத்தில் ப்ரீஆம்ப் (வரும் சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்துச் சரிக்கட்ட முடியாது, கேபிளுக்குள் இரைச்சலோடு கலந்துவிட்ட சிக்னலை அது சேர்த்தே பெருக்கும். ப்ரீஆம்ப் வைப்பதென்றால் மேலே, ஆன்டெனாவை ஒட்டி, கேபிளுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

அலைவரிசை ஏறினால் இழப்பு ஏன் இப்படி ஏறுகிறது என்றால், உயர் அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் தோலில் மட்டும்தான் ஓடுகிறது. செம்பில் அந்தத் தோலின் தடிமன் 1.8 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 49 மைக்ரான், 145ல் ஐந்தரை மைக்ரான்தான். ஓடும் பாதை மெலிய மெலியத் தடை கூடுகிறது. கைக்கணக்காக ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அலைவரிசை நான்கு மடங்கானால் டெசிபல் இழப்பு இரண்டு மடங்காகும். மேலே போகப் போக நடுவிலுள்ள பிளாஸ்டிக்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், அதனால் உண்மை இழப்பு இந்தக் கணக்கைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். தடிமனான கேபிளில் இழப்பு குறைவதற்கும் காரணம் இதே தோல்தான், உள்கம்பி பெரிதானால் தோலின் பரப்பும் பெரிதாகிறது. ஆர்ஜி-58 ஐந்து மில்லிமீட்டர் தடிமன், ஆர்ஜி-213உம் எல்எம்ஆர்-400உம் பத்து மில்லிமீட்டருக்கு மேல்.

ஒரே தடிமன் இருந்தும் எல்எம்ஆர்-400 ஏன் ஆர்ஜி-213ஐ முந்துகிறது என்று கேட்பீர்கள். இரண்டிலும் உள் இன்சுலேஷனின் விட்டம் ஏறக்குறைய 7.2 மில்லிமீட்டர்தான். ஆர்ஜி-213ல் அது கெட்டியான பாலித்தீன், எல்எம்ஆரில் காற்றுக் குமிழிகள் நிறைந்த ஃபோம். காற்று கலந்ததால் அதே 50 ஓம் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பு) வருவதற்கு உள்கம்பியைத் தடிமனாக வைக்க முடிகிறது: ஆர்ஜி-213ல் ஏழு இழை முறுக்கி 2.25 மில்லிமீட்டர், எல்எம்ஆர்-400ல் ஒற்றைக் கம்பியாக 2.74. இந்த அரை மில்லிமீட்டரால் ஒரு தொல்லையும் உண்டு. ஆர்ஜி-213க்கான என்-டைப் (N) கனெக்டரின் பின்னுக்குள் எல்எம்ஆர்-400 கம்பி நுழையாது. கேபிள் வாங்கும்போதே அதற்கென்று உள்ள கனெக்டரையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பியை அரத்தால் தேய்த்து மெலிதாக்கி நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கம்பி அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, தேய்த்தால் வேலை செய்யும் தோலையே உரித்துவிடுகிறீர்கள்.

50 ஓமா 75 ஓமா என்று பக்கவாட்டில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தீர்கள். காற்றை இன்சுலேஷனாகக் கொண்ட கேபிளில் இழப்பு மிகக் குறைவாக இருப்பது 77 ஓம் பக்கத்தில், அதிக பவரைத் தாங்குவது 30 ஓம் பக்கத்தில். 50 ஓம் இரண்டுக்கும் நடுவிலான சமரசம், டிவி ஆட்களுக்கு பவர் தேவையில்லை என்பதால் அவர்கள் 75ஐ எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் நல்ல ஆர்ஜி-6 மிச்சம் இருந்தால் அதை எறிய வேண்டாம். 435ல் அதன் இழப்பு ஆர்ஜி-58ஐவிட எவ்வளவோ குறைவு, ஆர்ஜி-213ஐவிடக்கூடக் குறைவு. 50 ஓம் ஆன்டெனாவில் 75 ஓம் கேபிள் போட்டால் கேபிளுக்குள் எஸ்டபிள்யூஆர் 1.5, அதில் திரும்பி வருவது நூற்றுக்கு 4தான். டைபோலின் சொந்த இம்பீடன்ஸே தடையில்லாத வெளியில் 73 ஓம் என்பதால் அதற்கு 75 ஓம் கேபிள் பொருத்தமாகவே இருக்கும். சிக்கல் எங்கே என்றால், பல ஆர்ஜி-6 கேபிள்களின் உள்கம்பி இரும்பின் மேல் செம்பு பூசியது, கீழ் பேண்டுகளில் மேலே சொன்ன தோல் தடிமனாகி அந்த மெல்லிய பூச்சைத் தாண்டி இரும்புக்குள் இறங்கிவிடலாம், அங்கே இழப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடும். ஷீல்டும் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. கேட்பதற்கு மட்டும், அல்லது தற்காலிகமாக என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

அரை அலைநீளக் கதைக்கு வருகிறேன். கேபிளின் நீளத்தை மாற்றினால் ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் மாறாது. நீளத்தை மாற்றும்போது மீட்டரில் எண் மாறுகிறது என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது: கேபிள் நீண்டு இழப்பு கூடியதால் எண் அழகாகத் தெரிகிறது, அல்லது கேபிளின் ஷீல்டுக்கு வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடி கேபிளே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிட்டது. இரண்டாவதுக்கு மருந்து சோக் (ஷீல்டுக்கு வெளியே ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்), ஆன்டெனா முனையில். பெரிய ஃபெரைட் வளையத்தில், 31 மிக்ஸ் என்ற ஃபெரைட் வகை எச்எஃப்புக்கு நன்றாக வேலை செய்யும், கேபிளையே பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி வைத்தால் போதும். உங்கள் டைபோலுக்கு இதைக் கட்டாயம் போடுங்கள், பேசும்போது மைக் சுடுவது, கம்ப்யூட்டர் தொங்கிப்போவது, கேட்கும்போது வீட்டு எல்இடி விளக்கின் இரைச்சல் கேபிள் வழியே ஏறி வருவது எல்லாம் இதில் பெருமளவு அடங்கும். நீளத்தைத் துல்லியமாக வெட்ட வேண்டிய வேலை வேறு, இரண்டு ஆன்டெனாவை ஃபேஸில் இணைப்பது, ஸ்டப் (குறித்த நீளத்தில் வெட்டி இணைக்கும் கேபிள் துண்டு) செய்வது மாதிரி. அங்கே வெலாசிட்டி ஃபேக்டர், அதாவது கேபிளுக்குள் சிக்னல் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு போகிறது என்று பார்க்க வேண்டும்: கெட்டிப் பாலித்தீனுக்கு 0.66, எல்எம்ஆர்-400 ஃபோமுக்கு 0.85. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஒன்றில் 34 சென்டிமீட்டர், மற்றதில் 44. சாதாரண ஃபீட்லைனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, தேவையான நீளம் எவ்வளவோ அதுவே சரியான நீளம்.

இழப்பு கூடினால் எண் அழகாகத் தெரியும் என்றேனே, அது எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் நானும் 70 சென்டிமீட்டர் ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய உங்கள் அளவு ஆர்ஜி-58தான் போட்டிருந்தேன். மீட்டர் 1.3 காட்டியது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் கேட்டதைத் திரும்ப அனுப்பும் பக்கத்து ரிப்பீட்டர்கூட என்னை விட்டுவிட்டுத்தான் கேட்டது, பல வாரம் ரிக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மேலே ஏறி ஆன்டெனா கனெக்டரைக் கழற்றினால், உள்பின் ஈயம் சரியாகப் பிடிக்காமல் பின்னுக்கு நகர்ந்து ஆன்டெனாவைத் தொடாமலே இருந்திருக்கிறது. அதாவது ஆன்டெனாவே இல்லாமல் மீட்டர் 1.3 காட்டியிருக்கிறது. கணக்கும் அதையே சொல்கிறது: மேலே போகும்போது 9 டெசிபல், முழுவதும் மோதித் திரும்பிக் கீழே வரும்போது இன்னொரு 9, மொத்தம் 18 டெசிபல் குறைந்து வந்து சேரும் எதிரொலியை மீட்டர் 1.3 என்றுதான் படிக்கும். அன்றிலிருந்து நீளமான கேபிளின் கீழ்முனையில் தெரியும் எஸ்டபிள்யூஆரை நான் அப்படியே நம்புவதில்லை, மேலே ஆன்டெனா முனையில் ஒருமுறையாவது அளந்து பார்க்கிறேன்.

இதையே திருப்பிப் போட்டால் கேபிளை அளக்கும் எளிய வழியும் கிடைக்கிறது. நானோவிஎன்ஏ மாதிரி ஆன்டெனா, கேபிள் அளக்கும் கருவி ஏதாவது இருந்தால் கேபிளின் ஒரு முனையை அதில் செருகுங்கள், மறுமுனையில் ஒன்றும் செருகாமல் திறந்தே விடுங்கள். திரையில் வரும் ரிட்டர்ன் லாஸில் (சிக்னல் போய்த் திரும்பி வரும்போது குறைந்த அளவு) பாதிதான் அந்தக் கேபிளின் இழப்பு. 10 டெசிபல் காட்டினால் கேபிள் 5 டெசிபல் தின்கிறது. கருவி இல்லாவிட்டால் ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடும் பவர் மீட்டரும் போதும், கேபிளுக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, 50 போய் 25 ஆனால் 3 டெசிபல். கையிலிருக்கும் அந்த ஆர்ஜி-58 சுருளை முதலில் இப்படி அளந்துவிடுங்கள், ஏனென்றால் உறையில் ஆர்ஜி-58 என்று அச்சடித்திருப்பதால் மட்டும் உள்ளே ஆர்ஜி-58 இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பெயர்கள் அமெரிக்க ராணுவத் தரத்திலிருந்து வந்தவை. இன்று அதே வடிவில் இருக்கும் எந்தக் கேபிளிலும் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள்.

கண்ணால் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். முனையில் ஐந்து சென்டிமீட்டர் உறையை மெதுவாகச் சீவி எடுங்கள், பின்னலை வெட்டிவிடாமல். நல்ல கேபிளில் பின்னல் நெருக்கமாக, துணி மாதிரி, அடியிலுள்ள இன்சுலேஷன் அங்கங்கே பொடிப்பொடியாகத்தான் தெரியும், 95 சதவீத மூடல் என்பார்களே அது. மட்டமான கேபிளில் வலை மாதிரி இருக்கும், இழைகளுக்கு நடுவே வெள்ளை பளிச்சென்று தெரியும். அந்தப் பின்னலை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், நெருக்கமாக இருந்தால் முரண்டு பிடிக்கும், தளர்வாக இருந்தால் சட்டென்று சுருங்கிப் போகும். உள்கம்பியில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. கத்தி நுனியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் இரும்போ அலுமினியமோ, சிவப்பாகவே இருந்தால் செம்பு. அப்புறம் ஒரு துண்டை வெட்டி, குறுக்குவெட்டில் உள்கம்பி நட்டநடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தக் கேபிளில் இம்பீடன்ஸ் ஒரு சீராக இருக்காது.

கனெக்டர் விஷயத்தில் எச்எஃப்புக்கு பிஎல்-259 என்ற வழக்கமான திருகு கனெக்டர் போதும், அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 145லும் ஓரளவு சமாளிக்கும். 435ல் அதன் இம்பீடன்ஸ் 50ஐவிட்டு விலகுவது தெரிய ஆரம்பிக்கும், அதோடு அதற்குள் தண்ணீர் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை, ஆகவே உங்கள் வெர்டிக்கலுக்கு இரண்டு முனையிலும் என்-டைப் கனெக்டர் போடுங்கள், ஆன்டெனாவின் அடியில் அதற்கான சாக்கெட் இருந்தால். பிஎல்-259ஐ ஈயம் வைக்கும்போது பலர் சின்ன அயர்னை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சூடு பண்ணுகிறார்கள், அதற்குள் உள்ளே பாலித்தீன் இளகி உள்கம்பி சாய்ந்து பின்னலைத் தொட்டுவிடுகிறது. முனை பெரியதாக, கனமாக இருக்கும் அயர்னால் சட்டென்று சூடாக்கி, ஈயம் ஓட்டைக்குள் பாய்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும். முன்னதாகவே பின்னலுக்கு லேசாக ஈயம் பூசிவைத்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். நன்றாக ஆறும்வரை அசைக்காதீர்கள். ஆறிய பிறகு மல்டிமீட்டரை வைத்து உள்ளுக்கும் வெளிக்கும் ஷார்ட் இல்லையென்று பார்க்கும்போது கேபிளைக் கனெக்டரை ஒட்டி நாலு பக்கமும் வளைத்துக்கொண்டே பாருங்கள், சும்மா வைத்துப் பார்த்தால் அகப்படாத பழுது அப்போது அகப்படும். ஃபோம் கேபிளுக்கு என்னைக் கேட்டால் கிரிம்ப்தான் (ஈயத்துக்குப் பதில் அழுத்திப் பிடிக்க வைப்பது) நல்லது, ஃபோம் இன்னும் சீக்கிரம் இளகும். ஆனால் அளவுக்கேற்ற டை இருக்கும் கருவியால்தான் அழுத்த வேண்டும், இடுக்கியால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

இனி தண்ணீர். இதைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எல்எம்ஆரா 213ஆ என்று மாதக்கணக்கில் யோசித்து வாங்கிய கேபிளை ஒரே மழைக்காலம் ஆர்ஜி-58ஐவிட மோசமாக்கிவிடும். பழைய டைபோல் ஒன்றைக் கழற்றியபோது அதன் கேபிளைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தேன். நடுவில் கேபிளைப் பிரித்து பின்னலை ஒரு பக்கமும் உள்கம்பியை மறுபக்கமும் கட்டி, மேலே வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டிருந்த வேலை அது, இரண்டு மழைக்காலம் பார்த்தது. முதல் துண்டில் பின்னல் கருகிய மாதிரிக் கறுப்பு, விரலில் பொடியாக ஒட்டியது. ஒரு மீட்டர் கீழே வெட்டினாலும் கறுப்பு, அங்கங்கே பச்சை. மூன்று மீட்டர் தாண்டியும் இழைகள் மங்கிப்போய்த்தான் இருந்தன, உறைக்கு வெளியே பார்த்தால் புதுக் கேபிள் மாதிரி பளபளவென்று இருக்கிறது. பின்னலின் இழைகள் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பது போலத் தண்ணீரை இழுத்துக்கொண்டே கீழே இறங்குகின்றன. அப்படிப் போன கேபிளைக் காயவைத்து மீட்க முடியாது, கறுத்த வரைக்கும் வெட்டி எறிய வேண்டியதுதான்.

தடுப்பது கஷ்டமில்லை. கனெக்டரை இறுக்கிய பிறகு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கும், அதை நன்றாக இழுத்து நீட்டிக்கொண்டே கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். கீழிருந்து சுற்றினால் மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மேல் படியும், ஓடு வேய்ந்த மாதிரி மழைநீர் வழிந்துவிடும். அந்த ரப்பர் வெயிலில் வெடிக்கும் என்பதால் அதன் மேல் தரமான வினைல் டேப் ஒரு சுற்று. சிலிக்கோன் பசை பூசுவதாக இருந்தால் வினிகர் வாடை வரும் வகையைத் தொடாதீர்கள், அந்த அமிலம் செம்பை அரித்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு கீழ்நோக்கித் தொங்கும்படி விடுங்கள், கேபிளின் மேல் ஓடிவரும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும், சுவருக்குள் வராது. உறை கறுப்பாகவே இருக்கட்டும், அதிலுள்ள கரித்தூள்தான் வெயிலைத் தாங்க வைக்கிறது. அதே நுழைவிடத்தில் ஷீல்டை எர்த்துடன் இணைத்து, மின்னல் அரெஸ்டரும் வையுங்கள், இடி வரும் நாளில் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி வைப்பதை அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

வளைப்பதில் கவனம் வேண்டும். எல்எம்ஆர்-400ஐ ஒருமுறை வளைத்து அப்படியே விட்டுவிடுவதென்றால் ஓர் அங்குல ஆரம்வரை தாங்கும் என்கிறார்கள், திரும்பத் திரும்ப அசையும் இடத்தில் நான்கு அங்குலம் வேண்டும். அதன் ஷீல்டில் பின்னலுக்கு அடியில் அலுமினியத் தாள் இருக்கிறது, அடிக்கடி முறுகினால் அது கிழியும். பின்னாளில் ரொட்டேட்டரில் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) யாகி என்ற திசை ஆன்டெனா வைத்தால், சுழலும் அந்த ஒன்றரை மீட்டர் வளையத்துக்கு மட்டும் ஆர்ஜி-213 போட்டு மீதியை எல்எம்ஆரில் விடுங்கள். இறுக்கிக் கட்டும் டேக்குகளால் ஃபோம் கேபிளை நசுக்கிவிடாதீர்கள், நசுங்கிய இடத்தில் இம்பீடன்ஸ் குறையும்.

பவர் தாங்குமா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம், 100 வாட்டுக்கு எச்எஃப்பில் ஆர்ஜி-58 தாராளமாகத் தாங்கும், எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை மாதிரித் தொடர்ந்து அனுப்பினாலும். கிலோவாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கும் அன்று ஆர்ஜி-213 அல்லது அதற்கு மேல்.

ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. உங்கள் டைபோல் அந்த மூன்று பேண்டிலும் தானே ரெசனன்ஸ் ஆகும் வகை என்று நினைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன். 7க்கு வெட்டிய ஒற்றைக் கம்பியை ட்யூனர் (பொருந்தாத ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருத்தும் பெட்டி) வைத்து 14லும் இழுக்கப் பார்க்கிறீர்கள் என்றால் கணக்கு மாறும். 14ல் அதன் நடுவில் இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறிவிடும், எஸ்டபிள்யூஆர் 20ஐத் தாண்டுவது சாதாரணம். பொருத்தமான ஆன்டெனாவில் 1.35 டெசிபல் இழக்கும் அதே 25 மீட்டர் ஆர்ஜி-58, எஸ்டபிள்யூஆர் 20 இருந்தால் 6 டெசிபலுக்கு மேல் இழக்கும், 100 வாட்டில் 24 வாட் போய்ச் சேர்ந்தால் அதிகம். ட்யூனரோ 1.0 காட்டிக்கொண்டிருக்கும், அது ரிக்கைத்தான் சமாதானப்படுத்துகிறது, கேபிளுக்குள் நடப்பதை மாற்றுவதில்லை. அப்படிப்பட்ட கம்பிக்கு எந்தக் கோஆக்ஸும் சரிவராது, 450 ஓம் லேடர் லைனோ, இரண்டு கம்பியை இடைவெளி விட்டு நீங்களே கட்டிய திறந்த லைனோ போட்டு, ட்யூனருக்குப் பக்கத்தில் பேலன் (இரட்டைக் கம்பி லைனைக் கோஆக்ஸோடு இணைக்கும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், வெர்டிக்கலுக்கு 25 மீட்டர் எல்எம்ஆர்-400 அல்லது அதே கட்டமைப்பில் நம்பகமான அளவுத்தாள் உள்ள வேறொன்றை வாங்குவேன், என்-டைப் கனெக்டரோடு. டைபோலுக்குக் கையிலிருக்கும் ஆர்ஜி-58ஐ அளந்து பார்த்து, 28 மெகாஹெர்ட்ஸில் 2 டெசிபல் பக்கத்தில் வந்தால் அதையே போட்டுவிடுவேன், மூன்றைத் தொட்டால் ஆர்ஜி-213க்கு மாறுவேன். மிச்சமாகும் காசில் சோக்குக்கான ஃபெரைட் வளையமும் ஒரு சுருள் ரப்பர் டேப்பும். எல்எம்ஆர்-400 விறைப்பானது, அதை நேரே ரிக்கின் பின்னால் செருகினால் சாக்கெட்டை நெம்பிக்கொண்டே இருக்கும், ஜன்னல் அருகே நிறுத்திவிட்டு அங்கிருந்து ரிக் வரை ஒரு மீட்டர் மெல்லிய கேபிளில் வாருங்கள். ஒரு மீட்டருக்கு ஆர்ஜி-58 435லும் 0.4 டெசிபலுக்குள்தான் தின்னும்.

கேபிளைப் போட்டு முடித்த அன்றே, ஆன்டெனாவை இணைப்பதற்கு முன்னால், மேல்முனை திறந்தபடி ஒவ்வொரு பேண்டிலும் அளந்து எண்களைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதிக் கேபிளின் கீழ்முனையிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்தால், அரை டெசிபல் கூடியிருந்தாலும் எந்த முனையை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும், அநேகமாக அது மேல்முனையாகத்தான் இருக்கும். அப்புறம், குழாய்க்குள் கேபிளை இழுக்கும்போது கூடவே ஒரு நைலான் கயிறையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவிடுங்கள், இரண்டாவது ஆன்டெனாவோடு நிற்கப்போவதில்லை நீங்கள், மூன்றாவது கேபிளுக்கு அந்தக் கயிறு வேண்டியிருக்கும்.